பெருவுக்குக் கிளம்புமுன்: உயரக் கணக்கும் சில சொற்களும்

பெரு போகத் திட்டம் போடுபவர்கள் முதலில் திறப்பது கூகுள் மேப்பை. லிமாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், குஸ்கோவிலிருந்து பூனோவுக்குப் பேருந்தில் ஏழு மணி நேரம் என்று பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் எல்லா ஊரையும் அடுக்கிவிடுவார்கள். திட்டம் கெடுவது அங்கேதான். மேப்பை மூடிவிட்டு, ஒரு தாளை எடுத்து, போகப்போகும் ஊர்களின் பெயருக்கு எதிரே அவற்றின் உயரத்தை எழுதுங்கள்.

லிமா, ஏறக்குறைய கடல்மட்டம். அரெகிபா 2,335 மீட்டர். இன்காக்கள் கட்டிய மலையூர் மச்சு பிச்சு 2,430. அதற்கு ரயில் ஏறும் ஒயாந்தாய்தாம்போ 2,800. குஸ்கோ 3,400. தித்திகாகா ஏரிக்கரையில் உள்ள பூனோ 3,830. கோல்கா பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் கடக்கும் பாதாபம்பா கணவாய் 4,900. இன்ஸ்டாகிராமில் எல்லோரும் நிற்கும் வண்ண மலை வினிகுங்கா 5,000-க்கும் மேல்.

இப்போது பக்கத்தில் நம் ஊர்க் கணக்கையும் எழுதுங்கள். ஊட்டி 2,240. தொட்டபெட்டா 2,637. ஆக, பலரும் பயப்படும் மச்சு பிச்சு தொட்டபெட்டாவைவிட 200 மீட்டர் தாழ்வில்தான் இருக்கிறது. தொல்லை கொடுப்பது அதற்குப் போகும் வழியில் உள்ள குஸ்கோ. லே லடாக் போய் வந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும்: லே 3,500 மீட்டர். அங்கே இறங்கியதும் இரண்டு நாள் படுத்திருக்கச் சொல்வார்கள் அல்லவா? குஸ்கோவும் கிட்டத்தட்ட அதே உயரம். ஆனால் குஸ்கோ விமான நிலையத்தில் யாரும் உங்களைப் படுக்கச் சொல்ல மாட்டார்கள். வாசலிலேயே டூர் விற்பார்கள்.

மூச்சும் வழித்தடமும்

உயர நோய்க்குப் பெருவில் பெயர் ‘சொரோச்சே’. குஸ்கோவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு. 5,000 மீட்டரில் அது பாதியை ஒட்டி வந்துவிடும். இறங்கிய சில மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், பசியின்மை தொடங்கும். இரவில் தூக்கம் வராது. உடற்பயிற்சி செய்பவருக்கு வராது என்பது கட்டுக்கதை. நன்றாக ஓடக்கூடியவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்குத்தான் பல சமயம் முதலில் வருகிறது.

உடல் கணக்கில் எடுத்துக்கொள்வது நீங்கள் தூங்கும் உயரத்தை. பகலில் மேலே போய்வரலாம், இரவுப் படுக்கை தாழ்வாக இருக்கட்டும். இதை வைத்துத்தான் வழித்தடத்தைப் போடவேண்டும்.

நாள் குறைவாக இருந்தால்: குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல் நேரே புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். உருபம்பாவோ ஒயாந்தாய்தாம்போவோ, காரில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அங்கே இரண்டு இரவு, பிறகு மச்சு பிச்சு, கடைசியில் குஸ்கோ. அறுநூறு மீட்டர் தாழ்வாகத் தூங்குவதில் கிடைக்கும் நிம்மதி மாத்திரையில் கிடைக்காது. நாள் தாராளமாக இருந்தால்: லிமா, அரெகிபா, கோல்கா, பூனோ, குஸ்கோ என்று படிப்படியாக ஏறுங்கள். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. அரெகிபாவில் இறங்கிய மறுநாளே கோல்கா ஒருநாள் டூரில் ஏறினால் அதிகாலை 3 மணிக்கு எழுப்பி, விடிவதற்குள் 4,900 மீட்டர் கணவாயைக் கடத்திவிடுவார்கள். அரெகிபாவில் குறைந்தது இரண்டு இரவு தங்கிவிட்டு, கோல்காவை இரண்டு நாள் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வினிகுங்காவை ஒரு வாரப் பயணத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. குஸ்கோ வந்த மறுநாள் அங்கே போய், குதிரையில் சுருண்டு படுத்தபடி திரும்புபவர்கள் நாள்தோறும் உண்டு. போயே தீரவேண்டும் என்றால் பயணத்தின் கடைசி நாளுக்கு வையுங்கள்.

அசெடசோலமைடு மாத்திரை (நம்மூர்க் கடைகளில் டயமாக்ஸ்) தடுப்பாக வேலை செய்யும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து ஏறிய பின் இரண்டு நாள் வரை. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் இதன் பக்க விளைவுகள், பயப்பட வேண்டாம். சோடா பானங்கள் உப்புச்சப்பில்லாமல் இருக்கும். தள்ளாட்டம், பேச்சுக் குழறல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நுரைத்த இருமல் ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் அன்றைக்கே கீழே இறங்கவேண்டும்.

விடுதி வரவேற்பறையில் கோகா இலைத் தேநீர் வைத்திருப்பார்கள். பெருவில் அது சட்டப்படி சரி, பழக்கமும்கூட. தெம்பாக இருக்கும், குடிக்கலாம். ஆனால் அதைக் குடித்த பின் சில நாட்களுக்குச் சிறுநீர்ச் சோதனையில் கோகைன் காட்டும். அலுவலகத்தில் போதைப்பொருள் சோதனை உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

உயரத்தால் சமையலும் மாறும். குஸ்கோவில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். சின்ன மின்சாரக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனால் சோறு அரைவேக்காடாகவே நிற்கும், பருப்பு மசியவே மசியாது. அங்குள்ள வீடுகளில் பிரஷர் குக்கர் இல்லாமல் அடுப்பு எரிவதில்லை.

மச்சு பிச்சு டிக்கெட்

‘மச்சு பிச்சு டிக்கெட்’ என்று ஒரு பொருள் இப்போது கிடையாது. 2024-லிருந்து மூன்று சுற்றுப்பாதைகள், அவற்றுக்குள் பல கிளைகள். முதல் சுற்று மேல்தளம்: அஞ்சலட்டைக் காட்சி கிடைக்கும், ஆனால் ஊருக்குள் இறங்க விடமாட்டார்கள். மூன்றாவது கீழ்ப்பகுதி: ஊருக்குள் போகலாம், அந்தப் புகழ்பெற்ற காட்சி கிடைக்காது. இரண்டும் சேர்ந்தது இரண்டாவது சுற்று. அதனால்தான் அது முதலில் தீர்கிறது. சுற்று எண்ணைப் பார்க்காமல் கிடைத்ததை வாங்கிவிட்டு, வாசலில் நின்று ‘அந்தப் படத்தில் இருக்கும் இடம் எங்கே’ என்று கேட்பதுதான் இங்கே நடக்கும் பெரிய ஏமாற்றம்.

நாளொன்றுக்கு 4,500 பேர், நெரிசல் நாட்களில் 5,600 பேர் வரைதான் அனுமதி. வெளிநாட்டவருக்குச் சாதாரணச் சீட்டு 152 சோல் (பெருவின் நாணயம்). வைனா பிச்சு சிகரமும் சேர்ந்தால் 200 சோல். சீட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அச்சாகும், பிறகு மாற்ற முடியாது. நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். ஃபேஸ்புக்கில் உள்ளபடி எழுதாமல், பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதை அப்படியே சீட்டிலும் ரயிலிலும் எழுதுங்கள். மூலப் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் போகவேண்டும். கைப்பேசியில் உள்ள படம் செல்லாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். கிடைக்காதவர்களுக்கு ஒரு கதவு உண்டு: மலையடிவார ஊரான ஆகுவாஸ் கலியெந்தேசில் உள்ள கலாசார அமைச்சக அலுவலகத்தில் மறுநாளுக்கான ஆயிரம் சீட்டுகளை நேரில் விற்கிறார்கள். அதற்கு அந்த ஊரில் ஓர் இரவாவது தங்கவேண்டும், சுற்றையும் நேரத்தையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாமல் போகலாம்.

ஒயாந்தாய்தாம்போவிலிருந்து ரயில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். பெரிய பெட்டியை ஏற்ற விடமாட்டார்கள். விடுதியில் விட்டுவிட்டு முதுகுப்பையோடு போகவேண்டும். உள்ளூர் ரயில் என்று மலிவாக ஒன்று ஓடும், அது பெரு மக்களுக்கு மட்டும். இறங்கியபின் வாசல்வரை அரை மணி நேரப் பேருந்து அல்லது ஒன்றரை மணி நேரப் படிக்கட்டு. வளாகத்துக்குள் கழிப்பறை இல்லை, ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. எனவே வாசலிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள், இரண்டு சோல் சில்லறை வேண்டும். 2010-ல் வந்த ரஜினி படத்தின் பாட்டொன்றை இங்கேதான் எடுத்தார்கள், வரியில் வருவது என்னவோ ஆப்பிரிக்க மலை. அந்த நினைப்பில் நாலு ஸ்டெப் போட எண்ணாதீர்கள். குதித்துப் படமெடுப்பதும் சத்தம் போடுவதும் இப்போது தடை.

மச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் இன்கா பாதை நாலு நாள், 43 கிலோமீட்டர். சுமைதூக்கிகளையும் சேர்த்து நாளுக்கு 500 பேர்தான், உரிமம் பெற்ற நிறுவனம் மூலம்தான். பிப்ரவரி முழுக்க மூடிவிடுவார்கள்.

பழங்கால ஊர்களுக்கு ‘பொலேத்தோ துரீஸ்தீகோ’ என்று ஒரு கூட்டுச் சீட்டு: 130 சோல், 16 இடம், 10 நாள். சக்சைவாமான், பீசாக், ஒயாந்தாய்தாம்போ, சிஞ்செரோ, மொராய் இதில் அடங்கும். மராஸ் உப்புப் பாத்திகளும் குஸ்கோவின் கோரிகாஞ்சா சூரியக் கோயிலும் அடங்காது, அங்கே தனியே பணம் கட்டவேண்டும்.

எந்த மாதம்

மலைப்பகுதிக்கு மே முதல் செப்டம்பர் வரை உலர்காலம். பகலில் வெயில், இரவில் பூஜ்யத்தை ஒட்டிய குளிர். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. மண்சரிவால் ரயில் நிற்கும். அந்தச் சரிவுக்கு அங்கே ‘உவைகோ’ என்று பெயர், செய்தித் தலைப்பில் அந்தச் சொல்லைக் கண்டால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

லிமாவின் கணக்கு இதற்கு நேர் எதிர். சென்னை வடக்கே 13 டிகிரி, லிமா தெற்கே 12 டிகிரி. இரண்டும் கடற்கரை ஊர்கள். அதனால் வேர்க்கும் என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு ஜூலையில் இறங்கினால் 15 டிகிரி ஈரக் குளிரில் நடுங்குவீர்கள். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுவதால் மேகம் தாழ்வாக மூடிக்கொள்ளும், ஆனால் மழையாக இறங்காது. மாதக்கணக்கில் வானம் சாம்பல்தான். ‘கழுதை வயிறு’ என்று லிமாக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெயில் வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரி.

நம் வானிலை அறிக்கைகளில் அடிபடும் ‘எல் நினோ’ பிறந்ததும் இந்தக் கரையில்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் வடபெருக் கடலில் வெதுவெதுப்பான நீர் நுழைந்து மீன் குறைவதைப் பார்த்த மீனவர்கள், அதைக் குழந்தை இயேசுவின் பெயரால் ‘எல் நீஞோ’ என்றார்கள். நாம்தான் ஞ-வை ந ஆக்கிவிட்டோம்.

தவிர்க்கவேண்டிய தேதிகள்: ஜூலை 28, 29 சுதந்திரத் திருநாள். நாடே ஊருக்குக் கிளம்பும், பேருந்துக் கட்டணம் நம் தீபாவளி ஆம்னி பஸ் கணக்கில் ஏறும். ஜூன் 24 குஸ்கோவில் சூரியத் திருவிழா. பார்க்கவேண்டியதுதான், ஆனால் அறையை முன்கூட்டியே பிடிக்கவேண்டும்.

காகிதங்கள்

இந்தியப் பாஸ்போர்ட்டில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் இவற்றில் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் உயிரோடு இருந்தாலோ, அங்கே நிரந்தர வசிப்புரிமை இருந்தாலோ, பெருவுக்குத் தனி விசா வேண்டாம். ‘ஆறு மாதம்’ என்பதைக் கவனியுங்கள்: ஐந்து மாதம் மிச்சமுள்ள விசாவோடு போனால் விமான நிறுவனமே ஏற்றாது. மற்றவர்கள் டெல்லியில் உள்ள தூதரகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். விதி மாறக்கூடியது, டிக்கெட் எடுக்குமுன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாக மாறினால், வெறும் இரண்டு மணி நேரம் என்றாலும் அமெரிக்க விசா வேண்டும்.

பெரும்பாலோர் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெரு இதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. கேட்பது, திரும்பி வரும்போது, நம் நாடு. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பெரு இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்குபவரிடம் சான்றிதழ் இல்லையென்றால் தனிமை முகாமில் ஆறு நாள் வரை வைக்கலாம். ‘நான் அமேசான் பக்கமே போகவில்லை, லிமாவும் குஸ்கோவும்தான்’ என்ற வாதம் எடுபடாது, பட்டியல் நாட்டின் பெயரைத்தான் பார்க்கும். ஊசி போட்டுப் பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் செல்லும்.

சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும், அதனால் ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள். நினைத்த நாளில் போய் நிற்க முடியாது, முன்பதிவு வேண்டும். பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் தங்கள் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

லிமா விமான நிலையத்தில் 2025 ஜூனிலிருந்து புதிய முனையம். பழைய பதிவுகளில் உள்ள ‘வெளியே நடந்து போய் டாக்சி பிடி’ குறிப்புகள் செல்லாது. குடியேற்ற அதிகாரி முத்திரை குத்தாமலே விட்டுவிடக்கூடும். வருகைப் பதிவு கணினியில் இருக்கும். குடியேற்றத் துறைத் தளத்தில் அந்தப் பதிவின் மின் அட்டையை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பணம்: அறுபது நாளுக்குக் குறைவாகத் தங்கும் வெளிநாட்டுப் பயணிக்கு விடுதிக் கட்டணத்தில் 18 சதவீத வரி கிடையாது. பாஸ்போர்ட்டும் வருகைப் பதிவும் காட்டினால்தான் அந்தத் தள்ளுபடி.

தமிழ் வாயும் ஸ்பானிஷும்

லிமாவின் விலையுயர்ந்த பகுதிகளைத் தாண்டினால் ஆங்கிலம் அதிகம் உதவாது. நல்ல செய்தி: ஸ்பானிஷ் ஒலிகளில் பாதி நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. ‘ட’ போடாமல் எல்லா இடத்திலும் ‘த’ போட்டாலே பாதி உச்சரிப்பு வந்துவிடும். தக்காளி ‘தொமாத்தே’, டொமாட்டோ அல்ல. ஞ இருக்கிறது. ர, ற வேறுபாடு உயிரோடு இருக்கிறது: ‘காரோ’ என்றால் விலை அதிகம், ‘காறோ’ என்று நாக்கை உருட்டினால் வண்டி. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, ‘பெறோ’ என்றால் நாய். சென்னைத் தமிழில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். நாஞ்சில் நாட்டுக்காரர்கள் ஒரு படி முன்னால் நிற்பார்கள்.

நம் வாய் காலை வாரும் இடமும் உண்டு. மெல்லினத்துக்குப் பின் வல்லினம் வந்தால் நாம் தானாகவே மென்மையாக்கிவிடுவோம். ‘குவாந்தோ’ என்று எழுதி வைத்துப் படித்தால், ‘பந்து’ என்பதில் வரும் த தான் வரும். அது ஸ்பானிஷில் ‘எப்போது’. ‘எவ்வளவு’ என்று கேட்க, ‘குவான்’ என்று நிறுத்தி, ‘த்தோ’ என்று அழுத்தவேண்டும். சந்தையில் விலை கேட்டால் கடைக்காரர் கிழமையைச் சொல்கிறாரே என்று குழம்பாமல் இருக்க இந்த ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்: ‘குவான்-த்தோ எஸ்த்தா?’ அதேபோல் ‘தோஸ்’ இரண்டு வகை. ‘தோசை’யின் த போட்டால் இருமல், மெதுவாக அதிரும் த போட்டால் இரண்டு.

இலக்கணத்தில் இன்னும் நெருக்கம். வினை முடிவிலேயே ஆள் தெரிந்துவிடும், ‘நான்’ தேவையில்லை: ‘ஆப்லோ’ என்றாலே ‘பேசுகிறேன்’. ‘மே குஸ்தா’ அப்படியே ‘எனக்குப் பிடிக்கும்’. ‘மே துவேலே லா கபேசா’ என்றால் ‘எனக்குத் தலை வலிக்கிறது’. ‘மே ஃபால்தா எல் ஆய்ரே’ என்றால் மூச்சு போதவில்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் மலை ஏறுமுன் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு: ‘தூ’, ‘உஸ்தேத்’. தெரியாதவர்கள், பெரியவர்கள், போலீஸ், கடைக்காரர் எல்லோருக்கும் ‘உஸ்தேத்’ தான்.

கடைக்குள் நுழைந்ததும் பொருளைக் கேட்பது அங்கே முரட்டுத்தனம். முதலில் வணக்கம்: மதியம்வரை ‘புவெனோஸ் தீயாஸ்’, பிறகு ‘புவெனாஸ் தார்தேஸ்’, இருட்டியபின் ‘புவெனாஸ் நோச்செஸ்’. சந்தையில் காய் விற்கும் அம்மாவை ‘காசெரீத்தா’ என்று அழைக்கலாம், அவரும் உங்களை அப்படியே அழைப்பார். வாடிக்கை உறவுக்கான சொல். வாங்கி முடித்ததும் ‘லா யாப்பா’ என்று கேளுங்கள், ஒரு பிடி கூடுதலாக விழும். கொசுறு என்பதற்கு அவர்கள் சொல் அது, கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. ‘அஓரீத்தா’ என்றால் ‘இதோ இப்போ’. நம்ம ஊர் ‘இதோ வந்துட்டேன்’ எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்.

கெச்சுவா என்றேனே, 37 லட்சம் பேருக்கு மேல் அதைத் தாய்மொழியாகச் சொன்னார்கள் 2017 கணக்கெடுப்பில். குஸ்கோ, பூனோ பக்கம் சந்தையில் கேட்பது பெரும்பாலும் அதுதான். அதில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு உண்டு: ‘ஞொகாஞ்சிக்’ கேட்பவரையும் சேர்த்து, ‘ஞொகாய்கு’ சேர்க்காமல். ஸ்பானிஷில் இந்த வேறுபாடு இல்லை. வினை கடைசியில் வரும், உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும்: ‘வாசி’ வீடு, ‘வாசிய்கி’ உன் வீடு, ‘வாசிய்கிபி’ உன் வீட்டில். இதை வைத்து இன்கா மன்னர்கள் தமிழர்கள் என்று ஒரு ஃபார்வர்டு கிளம்ப வேண்டாம். இப்படி ஒட்டும் மொழிகள் துருக்கி முதல் ஜப்பான் வரை இருக்கின்றன.

சாப்பாடு

நம் குழம்பில் விழும் மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துச் சொத்து. உருளையின் தாய்வீடே ஆண்டிஸ் மலை. ஆயிரக்கணக்கான வகைகள், ஊதா, கறுப்பு, கருணைக்கிழங்கு போல் முண்டுமுடிச்சாக. அதை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் மிதித்து நீர் எடுத்துக் காயவைத்தால் ‘சூஞோ’, வருடக்கணக்கில் கெடாத உருளை வற்றல். சின்னக் குடைமிளகாய் மாதிரிச் சிவப்பாக ஒன்று தட்டில் கிடக்கும். அது ‘ரொகோத்தோ’. கறுப்பு விதை இருந்தால் அதுவேதான். குடைமிளகாய் என்று கடித்தால் ஆந்திரா கண்ணில் தெரியும்.

சைவர்களுக்கு: ‘வெஹெத்தாரியானோ’ என்று மட்டும் சொன்னால் கோழி வரும். ‘கார்னே’ என்பது பேச்சு வழக்கில் மாட்டுக்கறி, ஆகவே ‘சின் கார்னே’ என்றால் கோழி சரி என்று எடுத்துக்கொள்வார்கள். முழுதாகச் சொல்லவேண்டும்: ‘சின் கார்னே, சின் பொயோ, சின் பெஸ்காதோ, சின் ஹாமோன்’. சூப்பில் காய்தான் மிதக்கும், ஆனால் நீர் எலும்பு வேகவைத்தது. ‘கால்தோ’ என்ன என்று கேளுங்கள். பயறு வகைகளில் பன்றிக் கொழுப்பு சேரலாம், அதன் பெயர் ‘மான்-த்தேகா’.

பயமில்லாமல் கேட்கக்கூடியவை: ‘பாப்பா ஆ லா உவான்கைனா’, வேகவைத்த உருளைமேல் மஞ்சள் மிளகாய், பாலாடைக்கட்டி அரைத்த சாறு, கூடவே அரை முட்டை வரும். ‘சோக்லோ கோன் கேசோ’, பெரிய மணிச் சோளமும் பாலாடைக்கட்டியும். அரெகிபாவில் ‘சொல்தெரீத்தோ’, பெரிய அவரைக்கொட்டைக் கலவை. இனிப்புக்கு ‘பிக்காரோனெஸ்’: பூசணியும் சர்க்கரைவள்ளியும் பிசைந்து மெதுவடை வடிவில் பொரித்து, வெல்லப்பாகு ஊற்றுவார்கள். காலையில் தெருவண்டியில் ‘எமோலியெந்த்தே’, பார்லியும் ஆளிவிதையும் மூலிகையும் போட்ட சூடான கஷாயம்.

மதியம் ‘மெனூ’ என்ற பலகையைத் தேடுங்கள். சூப், சோறும் ஒரு பதார்த்தமும், பானம், எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 10 முதல் 20 சோல். சோறும் உருளையும் ஒரே தட்டில் வரும், யாரும் ஆச்சரியப்படுவதில்லை. தயிர் சாதம் இல்லாமல் தூங்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாட்டிலில் விற்கும் ‘யோகுர்’ எல்லாம் பழச்சாறு கலந்த இனிப்பு. ‘நாத்தூரால், சின் அசூகார்’ என்று லேபிளில் இருப்பதை எடுங்கள். குழாய்த் தண்ணீரைப் பல் துலக்கக்கூட வேண்டாம் என்பேன்.

பணமும் மற்றவையும்

நாணயம் சோல். 200 நோட்டை எந்தக் கடையும் உடைக்காது. சில்லறைக்கு அங்கே ‘சென்சீயோ’, காலையிலிருந்து அதைச் சேர்ப்பதே ஒரு வேலை. கடைகளில் ஊதா நிற க்யூஆர் ஒட்டியிருப்பார்கள், ‘யாப்பே’, அவர்களுடைய ஜிபே. சுற்றுலாப் பயணிக்கும் திறக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். டாலர் எடுத்துப் போனால் ஒரு கிழிசல், ஒரு பேனாக் கோடு இல்லாத நோட்டுகளாகப் பாருங்கள், சிறு கிழிசலுக்கும் திருப்பித் தந்துவிடுவார்கள்.

டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறுமுன் விலை பேசவேண்டும். லிமாவில் செயலி வழியே அழைப்பது பாதுகாப்பு. கைப்பேசியைத் தெருவில் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். மின்சாரம் 220 வோல்ட், நம் இரட்டைக் குச்சி சார்ஜர் பொருந்தும், மூன்று குச்சி பொருந்தாது. கழிப்பறைக் கதவில் ‘எஸ்.எஸ்.ஹெச்.ஹெச்.’ என்று நான்கெழுத்து இருக்கும். பேப்பரைக் கூடையில் போடவேண்டும், தண்ணீர் வசதி இருக்காது, ஒரு மடக்குக் குவளை பையில் இருக்கட்டும். சுவர்களில் பச்சை நிறத்தில் பெரிய எஸ் எழுத்து, நிலநடுக்கத்தின்போது நிற்கவேண்டிய இடம்.

‘பாரோ’ என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலைநிறுத்தம், பந்த். தெற்கு மாவட்டங்களில் பாறைகளை உருட்டிச் சாலையை அடைத்துவிடுவார்கள். 2023 ஜனவரியில் போராட்டத்தால் மச்சு பிச்சுவே சில வாரம் மூடிக்கிடந்தது. குஸ்கோவிலிருந்து லிமா திரும்பும் நாளுக்கும் சர்வதேச விமானத்துக்கும் இடையே ஒரு முழுநாளாவது விடுங்கள்.

அந்த ஒருநாளை லிமாவில் கழிக்க, மிராஃப்ளோரெஸ் கடற்கரைச் சரிவில் ‘லூம்’ என்ற நினைவகம் இருக்கிறது. 1980 முதல் 2000 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஏறக்குறைய 69,000 பேர் இறந்ததாக உண்மை அறியும் ஆணையம் கணக்கிட்டது. நால்வரில் மூவர் கெச்சுவா முதலான பூர்வீக மொழி பேசியவர்கள். இன்கா கற்களை மட்டும் பார்த்துத் திரும்புபவருக்கு அந்த நாட்டின் இன்றைய கோபம் விளங்காது. அந்தக் காலத்தைப் பற்றியும் அதில் பாதிக் காலம் அதிபராக இருந்த ஃபுஹிமோரி பற்றியும் நீங்களாகப் பேச்சைத் தொடங்காதீர்கள். வீட்டுக்கு வீடு கருத்து வேறு.

கிளம்பும் இரவில் பெட்டியைக் கட்டும்போது மூலைமுடுக்கெல்லாம் தேடி, கோகா தேநீர்ப் பொட்டலம், கோகா மிட்டாய் எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். குஸ்கோ கடையில் இரண்டு சோல் நினைவுப்பொருள், வளைகுடாவிலோ சென்னையிலோ இறங்கினால் போதைப்பொருள் வழக்கு. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் அட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல், பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.